இரவின் நீளமும் நடிப்பின் அளவும்: பெண்ணையாற்றங்கரைக் கூத்துத் தொழில் குறித்து

தென்பெண்ணைக் கரையில் மணலூர்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலும், அங்கிருந்து தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன் மலையடிவாரம் வரையிலும் நடைபெறும் தெருக்கூத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வேஷத்தையும் பாட்டையும் கதையையும் பற்றியே எழுதுகின்றனர். அத்தொழிலிலேயே நின்று முதிர்ந்தவர்களிடம் கேட்டால் அவர்கள் முதலில் பேசுவது நேரத்தைப் பற்றி. எத்தனை மணிக்குத் திரை பிடித்தார்கள், துரியோதனன் உட்கார எவ்வளவு நேரமாயிற்று, எந்த ஊரில் விடிந்த பிறகும் சனம் கலையாமல் இருந்தது என்பவையே ஒரு கூத்தின் தரத்தைக் குறித்து அவர்கள் சொல்லும் சொற்கள். இக்கட்டுரை அவ்வட்டாரத்து ஜமாக்களில், அதாவது கூத்துக்குழுக்களில், முதலில் பின்பாட்டுக்காரராகவும் பின்னர் கட்டை வேஷக்காரராகவும் பல பத்தாண்டுகள் நின்ற ஒருவரின் அனுபவத்திலிருந்து எழுதப்படுகிறது. கூத்து நடிப்பு அந்த நீண்ட இரவால் உருவாக்கப்பட்டது என்பதும், இரவு குறையக் குறைய நடிப்பின் உள்ளமைப்பே மாறிவிட்டது என்பதும் அவர் கண்டறிந்தவை.

தொழிலின் ஆண்டு தை மாதத்தில் தொடங்குகிறது. தை 5ஆம் நாள் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் மணலூர்பேட்டைக்கு எழுந்தருளித் தென்பெண்ணையில் தீர்த்தவாரி காணும் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுப்புற ஊர்களின் சாமிகளும் சனங்களும் வந்து சேர்வதால், பங்குனி முதல் ஆடி வரையிலான திருவிழாக்களுக்குக் கூத்து பேசுவதற்கு அந்த நாள் வசதியாக அமைந்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்குடன் கொடுக்கும் முன்பணத்திற்கு அச்சாரம் என்று பெயர். அதைக் கை நீட்டி வாங்கிய ஜமா வேறு எவர் கூடுதலாகக் கொடுத்தாலும் அந்த இரவை மாற்றிக் கொடுப்பதில்லை. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவென்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் அதே பகுதியின் கூத்து என்று பத்து நாளோ பதினெட்டு நாளோ தொடரும். பிரசங்கியார் கையில் இருப்பது வில்லிபாரதம். அதைப் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்ததாகக் கூறப்படும் சனியூர் இருந்த திருமுனைப்பாடி நாடும் இந்தப் பெண்ணையாற்றுப் பகுதியே ஆதலால், இங்குள்ள சனங்களுக்குப் பாரதம் வேறெங்கோ நடந்த கதையாகத் தோன்றுவதில்லை. பகலில் கேட்டதையே இரவில் பார்க்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை நம்பி இங்கே எவரும் நடிக்க முடியாது.

ஜமாவில் சேரும் சிறுவனுக்கு உடனே வேஷம் தரப்படுவதில்லை. ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, தாளம் ஆகியவற்றுடன் ஆடுகளத்தின் பின்புறம் அமரும் பாட்டுக்காரர்களோடு அவனும் நிறுத்தப்படுகிறான். நடிகர் பாடி முடிக்கும் அடியை அவர்கள் வாங்கித் திரும்பப் பாடுவதே பின்பாட்டு. பார்ப்பவர்களுக்கு அது அழகுக்காகச் சேர்த்ததுபோலத் தோன்றினாலும், நடிகர் மூச்சு வாங்கவும், அடுத்த அடியை நினைவில் எடுக்கவும், ஆடவும் கிடைக்கும் இடைவெளி அதுதான். சில ஆண்டுகள் இவ்வாறு பின்பாட்டில் நிற்கும் சிறுவன் எல்லா வேஷங்களின் பாட்டையும் அறிந்துகொள்வதோடு, எந்த நடிகருக்கு எங்கே மூச்சு முட்டும் என்பதையும் அறிந்துகொள்கிறான். பாடங்கள் வாத்தியாரின் கையெழுத்து நோட்டுகளிலிருந்தும், சென்னை பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட மலிவு விலை நாடக நூல்களிலிருந்தும் வந்தன. அச்சில் இருப்பதை அப்படியே எவரும் பாடுவதில்லை; விருத்தமும் தருவும், அதாவது தாளமின்றி விரித்துப் பாடுவதும் தாளத்தோடு பாடுவதும், நூலிலிருந்து வர, இடையிலுள்ள வசனத்தை நடிகரே அந்த ஊருக்கும் அந்த நேரத்திற்கும் ஏற்பக் கட்டுவார்.

கட்டை வேஷம் என்பது கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய மர அணிகளைத் தரித்து வரும் அரசர், வீரர் வேடங்களைக் குறிக்கும். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டி அவற்றைச் செய்வர். முகத்தில் அரிதாரம் பூசி, புடவைகளை மடித்து இடுப்பில் சுற்றிக் கட்டை கட்டி முடிக்க இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். அந்த நேரத்தில் நடிகர் அதிகம் பேசுவதில்லை. பின்னர் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடுவார். முதலில் குரல் மட்டும் கேட்கும், அடுத்துச் சலங்கை, பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, பிறகு ஒரு பக்கமாகத் திரையை விலக்கிய முகம், இறுதியில் திரை விழுந்ததும் களத்தைச் சுற்றி வேகமாகச் சுழலும் கிர்க்கி. துரியோதனன் இவ்வாறு வெளிப்பட்டுக் கட்டியங்காரனோடு, அதாவது அரசனுக்குக் காவலனாகவும் சனங்களுக்குக் கோமாளியாகவும் நிற்பவனோடு, வாதாடித் தன் பெருமைகளைச் சொல்லி நாற்காலியில் அமர்வதற்கு முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஆவதுண்டு. கதை அதுவரை ஓரடியும் நகர்ந்திருக்காது. ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கூலித் தொழிலாளி சனங்களின் கண்முன்னே துரியோதனனாகிறார். அதன்பின் அவர் கையை அசைத்தாலே போதும் என்ற நிலை உண்டாகிறது. தாமதம் என்று வெளியார் கருதிய அந்தப் பகுதியே கூத்து நடிப்பின் அடித்தளம்.

தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்ததையும், அது போய்க் குழல் விளக்கு வந்ததையும் பெரிய மாற்றங்களாகச் சொல்வதுண்டு. இதை எழுதுபவரின் கணிப்பில் அவற்றையெல்லாம் விடப் பெரிய மாற்றம் ஒலிபெருக்கியால் வந்தது. ஊர்களில் ரேடியோ செட் என்று அழைக்கப்பட்ட அது முதலில் கோயில் பாட்டுக்காகக் கட்டப்பட்டு, பின்னர் கூத்துக் களத்தின் நடுவில் கயிற்றில் தொங்கும் ஒற்றை மைக்காக இறங்கியது. அதுவரை நடிகர்கள் களம் முழுவதையும் ஆண்டனர். நாற்புறமும் சனம் இருந்ததால் ஒரே அடியை நான்கு திசைக்கும் திரும்பிப் பாடினர். மைக் தொங்கத் தொடங்கியதும் பாட வேண்டிய நேரமெல்லாம் அதன் கீழே வந்து நிற்க வேண்டியதாயிற்று. ஆட்டமும் பாட்டும் தனித்தனியாகப் பிரிந்தன. வீரன் ஆடி முடித்து, நடந்து வந்து, மைக்கின் கீழ் நின்று கோபப்பட்டான்.

மணலூர்பேட்டைக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் கிருஷ்ணன் தூது நடந்துகொண்டிருந்த இரவில் மின்சாரம் நின்று, மைக்கும் நின்றது. கிருஷ்ணன் வேஷத்தில் இருந்தவர் மைக்கோடு பழகிய இளைஞர். அவர் தொண்டை கிழியக் கத்தியும் மூன்றாம் வரிசைக்கு மேல் குரல் செல்லவில்லை, சனம் எழத் தொடங்கியது. அந்த இரவில் வெறுமனே தாளம் போட்டுக்கொண்டிருந்த முதிய வாத்தியார் அவரைக் கையசைத்து நிறுத்தி, "கத்தாதடா, கடைசி எழுத்த நீட்டு, மிச்சத்தப் பின்பாட்டு பாத்துக்கும்" என்றார். இளைஞர் அவ்வாறே அடியின் இறுதியை மட்டும் நீட்டிக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் நால்வர் அதை வாங்கி ஊரெங்கும் கேட்கும்படி எடுத்தனர். வெளிச்சத்திற்கு ஊர்க்காரர்கள் அரிக்கேன் விளக்குகளைக் கொண்டு வந்தனர். கூத்து விடியும்வரை நடந்தது. திறந்த வெளியில் ஒருவர் குரல் தனியாகச் செல்வதில்லை, பலர் கைமாற்றிச் சேர்ப்பிக்க வேண்டும் என்ற கணக்கின் மேல் கட்டப்பட்டது இக்கலை. ஒலிபெருக்கி அந்தக் கைமாற்றத்தைத் தேவையற்றதாக்கியதால் ஜமாக்கள் பின்பாட்டு ஆட்களைக் குறைத்தன. ஆட்கள் குறைந்ததால் சிறுவர்கள் கற்கும் இடமும் குறைந்தது.

திரைப்படத்தின் செல்வாக்கு இதைவிட நுட்பமானது. விழுப்புரத்தில் 1928இல் பிறந்ததாக அறியப்படும் சிவாஜி கணேசன் சிறுவயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்து, 1952இல் வெளியான பராசக்தியின் வழியாகத் திரைக்கு வந்தவர். அவரை இவ்வட்டாரத்து மக்கள் தங்கள் ஊர்க்காரராகவே கருதினர். 1964இல் பி. ஆர். பந்துலு இயக்கிய கர்ணன் டூரிங் கொட்டகைகளில் மீண்டும் மீண்டும் ஓடியபின், கர்ண மோட்சம் நடக்கும் இரவுகளில் சனங்கள் எதிர்பார்த்த கர்ணன் மாறிவிட்டான். கூத்தின் கர்ணன் போருக்குப் புறப்படுமுன் மனைவி பொன்னுருவியோடு நெடுநேரம் வாதிடுபவன். அவளால் குலம் குறித்து இகழப்பட்டவன். அந்த வாதம் முழுதும் பாட்டிலும் ஆட்டத்திலும் நடக்கும். படத்தைப் பார்த்தவர்கள் நீண்ட வசனத்தையும் நடுங்கும் உதட்டையும் கேட்டனர். சில நடிகர்கள் அதற்கு இணங்கித் திரைவசனத்தையே மனப்பாடம் செய்தனர். இதைச் சீரழிவு என்று முழுவதும் தள்ளிவிட முடியாது. சிவாஜியின் நடிப்பே மேடையின் தொலைவுக்காகப் பழகிய குரலையும் கண்ணையும் திரைக்குக் கொண்டுபோனது ஆகையால், கூத்துக்காரர்கள் அவரிடம் கண்டது தம் உறவினரைத்தான். கடைசி வரிசைக்குச் சேர வேண்டும் என்று கற்ற உடல் எங்கே சென்றாலும் அதை மறப்பதில்லை. 2012இல் அப்படம் புதுப்பிக்கப்பட்டு வெளியானபோது, தம் கர்ணன் வேஷத்திற்காக அதைப் பார்த்துவர வெளியூர் சென்ற முதிய நடிகர்களும் இருந்தனர்.

கேமராவின் முன் நிற்க நேர்ந்தபோது இந்த வேறுபாடு கைமேல் தெரிந்தது. ஒரு படத்தின் பாடல் காட்சிக்காக இவ்வட்டாரத்து ஜமா ஒன்று அழைக்கப்பட்டது. நடிகர்கள் விடியற்காலையில் அரிதாரம் பூசிக் கட்டை கட்டி அமர்ந்திருக்க, பிற்பகலில்தான் அவர்கள் முறை வந்தது. வியர்வையில் கரைந்த வண்ணத்தை, முன்பு எடுத்த துண்டோடு பொருந்த வேண்டுமென்று திரும்பத் திரும்பத் திருத்தினர். கிர்க்கியை ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிக்குமாறு கேட்டனர். மத்தளத்தின் போக்கில் சுழன்று பழகியவருக்கு, மத்தளமே இல்லாமல் பதிவு செய்த பாட்டுக்குச் சுழல்வது பெரும் தொல்லையாயிற்று. உதவி இயக்குநர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, "அண்ணே, கண்ண மட்டும் கொஞ்சம் கொறச்சுக்குங்க" என்றார். அவர் கேட்டது நியாயமானதே. கேமரா நான்கு அடியில் இருந்தது. ஆனால் கூத்து நடிகரின் கண் முகத்தோடு மட்டும் சேர்ந்ததன்று. தலையின் பாரத்தைத் தாங்கிய கழுத்தும், கட்டையால் அகன்ற தோளும், கால் அடவும் சேர்ந்து விரிந்தால்தான் கண் விரியும். கண்ணைக் குறைத்ததும் கால் நின்றுவிட்டது. அன்று அந்த ஜமா கற்றது இரண்டு: துண்டு துண்டாக எடுக்கும் நடிப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகச் சூடேற வேண்டும், கூத்தில் ஒரு முறை ஏறிய சூடு விடியும்வரை உடலில் நிற்கிறது. திரை நடிப்பு எளிது என்று ஜமாக்களில் சொல்லி வந்தவர்கள் அதன்பின் அப்படிச் சொல்லவில்லை.

தொலைக்காட்சியின் தாக்கம் உடையோடு நின்றது எனலாம். 1988 முதல் 1990 வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் வந்த பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம் இந்தியில் இருந்தும் ஊர் முழுவதும் ஒரே வீட்டில் கூடிப் பார்த்தது. அதன்பின் கிருஷ்ணனுக்குப் பளபளக்கும் துணியும், வாங்கிய கிரீடமும், டோப்பா முடியும் வந்தன. மரக் கிரீடத்தைச் செதுக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை குறைந்தது.

பெண் வேஷத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். திரௌபதி, சுபத்திரை, பொன்னுருவி ஆகியோர் நெடுங்காலமாக ஆண்களாலேயே நடிக்கப்பட்டனர். பகடைத் துகில் என்னும் சூதாட்ட, துகிலுரிதல் கூத்தில் திரௌபதியும் துச்சாதனனும் ஒருவரையொருவர் முறைத்து நிற்கும் நேரம் மிகக் கடினமானது. துச்சாதன வேஷக்காரர் சேலையைத் தொடுமுன் நடிப்பை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பொறுத்தருளும்படி வேண்டிக்கொண்டே மீண்டும் நடிப்புக்குள் செல்வார். அதன்பின் இருவருள் ஒருவருக்கோ, பார்க்கும் பெண்களுள் சிலருக்கோ ஆவேசம் வருவதுண்டு. நடிகர் தாமாகவும் பாத்திரமாகவும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டிய இவ்விடத்திற்கு எந்த நடிப்புப் பள்ளியிலும் பாடம் இருப்பதாகத் தெரியவில்லை. திரௌபதி வேஷக்காரர் அழுகையை உயர்த்தியதும் துச்சாதனன் ஒரு நொடி கையைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் சனங்களின் கோபம் வேஷத்தைத் தாண்டி ஆளின் மேல் பாயும். அந்தத் தளர்வை வாத்தியார்கள் வாயால் சொல்லித் தந்ததில்லை. பலமுறை பார்த்தே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரவு முழுதும் அம்மனாக வணங்கப்பட்ட பெண் வேஷக்காரர் பகலில் கேலிக்கு ஆளாவதும் இவ்வட்டாரத்தில் நடந்ததே. 2024இல் பாரி இளவழகன் இயக்கி நடித்த ஜமா என்னும் திரைப்படம் இவ்வேதனையையே எடுத்துக்கொண்டது. இளையராஜா இசையமைத்த அப்படத்தைத் தொழிலில் இருப்பவர்கள் தங்களைப் பற்றிய படமென்று குடும்பத்தோடு சென்று பார்த்தனர். காஞ்சிபுரத்திற்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. இராஜகோபாலும் ஹன்னே டி பிரையினும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாக நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை வேஷம் கற்று முழு இரவுக் கூத்து ஆடினர். இவ்வட்டாரத்தில் அதற்கு இணையான முயற்சி எழவில்லை என்பது வருத்தத்திற்குரியது. பெண்களால் எடையைத் தாங்க முடியாது என்று சொன்னவர்கள், நாள் முழுதும் நாற்று நட்டு விறகு சுமந்து வந்து கூத்துப் பார்த்த பெண்களைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார்கள்.

கல்வராயன் மலையில் கூத்து ஆடுவது தனி அனுபவம். வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களுக்கு முற்காலத்தில் பேருந்து நின்ற இடத்திலிருந்து கட்டைப் பெட்டியையும் ஆர்மோனியத்தையும் தலையில் சுமந்து ஏற வேண்டியிருந்தது. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் அங்கே பார்வையாளர்கள். சமவெளியில் நள்ளிரவுக்குப்பின் பாதிப் பேர் பாயில் உறங்குவார்கள், வேண்டிய காட்சிக்கு எழுப்பச் சொல்லிவிட்டுத்தான் படுப்பார்கள்; மலையில் குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு அமர்ந்தவர்கள் அமர்ந்தபடியே இருந்தனர். ஒரு முறை அர்ஜுனன் தபசில் நேரமாகிவிட்டதென்று நடிகர் ஒரு தருவை விட்டுவிட்டு, பனைமரமாக நட்ட தபசு மரத்தில் ஏறப்போனார். முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் அந்தப் பாட்டின் முதல் சொல்லைச் சொல்லி, அதைப் பாடிவிட்டு ஏறுமாறு கேட்டார். நடிகர் திரும்பி வந்து பாடினார். பாடத்தைக் காப்பவர்கள் நோட்டு வைத்திருப்பவர்கள் மட்டுமல்லர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நகரத்து நாடகக்காரர்களின் வரவால் கூத்துக்கு நேர்ந்தது பெரும்பாலும் நன்மையே. ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு அதன் ஆற்றலை உணர்ந்து எழுதியவை அன்று பூட்டிய வண்டி என்னும் நூலாயின. 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை புரிசைக் கலைஞர்களிடம் பயிற்சி பெற்றது. பசுபதி, கலைராணி முதலிய பட்டறை நடிகர்கள் திரைக்கு வந்தபோது, உடல் முழுவதாலும் நடிக்கும் அவர்களது முறையில் கூத்துக்காரர்கள் தமக்கு அறிமுகமான ஏதோ ஒன்றைக் கண்டுகொண்டனர். ஆனால் நகர மேடை கூத்துக்கு ஒன்றரை மணி நேரமே தந்தது. அந்த அளவுக்குள் அடங்கும்படி திரைப் பிரவேசத்தைச் சுருக்கியவர்கள், ஊருக்குத் திரும்பியபோதும் அதே சுருக்கத்தைத் தொடர்ந்தனர். விருது பெற்ற ஜமா சுருக்கமாக ஆடுகிறது என்பதால் மற்ற ஜமாக்களும் சுருக்கின. தொழிலுக்கு மதிப்பு வந்த வழியிலேயே இந்த இழப்பும் வந்தது.

தொழிலை விடாமல் காத்து வந்ததில் இறப்புச் சடங்குக்குப் பெரிய பங்குண்டு. முதியவர் இறந்த பதினாறாம் நாள் கருமாதிக்குக் கர்ண மோட்சம் ஆடுவது வட மாவட்டங்களில் வழக்கம். எஸ். ராமகிருஷ்ணன் எழுதி முரளி மனோகர் இயக்கித் தேசிய விருது பெற்ற குறும்படம், கூத்துக் கலைஞரின் நிலையைச் சொல்ல அந்தப் பெயரையே தேர்ந்தது. திருவிழா பருவத்தோடு முடியும், சாவுக்குப் பருவம் இல்லை என்று ஜமாக்களில் சொல்வார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனித் திருவிழாக்களோடு அந்தக் கூத்தும் நின்றது. அச்சாரம் வாங்கிய பலர் அதைத் திருப்பித் தரும் நிலைக்கு வந்தனர். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் சென்ற இளைஞர்களுள் சிலர் திரும்பவேயில்லை.

அதே காலத்தில்தான் கைப்பேசி வழியாக முன்பு பதிவான கூத்துகளை வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் பார்க்கத் தொடங்கினர். பெங்களூரிலும் கேரளத்திலும் இருந்தபடியே தம் ஊர்த் திருவிழாவின் கூத்தை முழு இரவும் பார்ப்பவர்கள் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. பதிவேற்றியவர்கள் தனியே வெட்டி எடுத்துப் பரப்பியவை மட்டும் கட்டியங்காரனின் இரட்டைப் பொருள் பேச்சுகளாயின. அவற்றைப் பார்த்துவிட்டு ஜமாவைப் பேச வந்த ஊர்கள் அதையே கேட்டன. விளைவாக, அரசனை வெளிக்கொணர்வதற்கென அமைந்த கட்டியங்காரன் அரசனின் நேரத்தையும் தின்றுவிட்டான்.

இன்று பல ஊர்களில் கூத்து பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடிய வேண்டுமென்று பேசியே அச்சாரம் தரப்படுகிறது. அவ்வாறு சுருக்க முடியாத இரவு ஒன்று எஞ்சியுள்ளது. பதினெட்டாம் போர் நடக்கும் அந்த இரவில் ஆடும் துரியோதனனும் பீமனும் காலையில் படுகளத்திற்கு, அதாவது மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் பேருருவம் இருக்கும் திடலுக்கு, வேஷம் கலையாமல் வந்து சேர வேண்டும். தொடை பிளந்த பிறகே திரௌபதியம்மன் கூந்தல் முடிக்கப்படும், அதன் பிறகே தீமிதி. இடையில் கூத்தை நிறுத்திச் சனங்களை வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. எனவே விடியும்வரை குரலையும் காலையும் பகிர்ந்து செலவிடும் பயிற்சி இளைஞர்களுக்கு ஆண்டில் அந்தச் சில இரவுகளில் மட்டுமே கிடைக்கிறது. முன்பு அந்த இரவின் துரியோதனன் மூத்த நடிகருக்கே உரியவன். இப்போது இவ்வட்டாரத்து வாத்தியார்கள் சிலர் முன்னிரவுத் துரியோதனனை இளையவருக்குக் கொடுத்து, நள்ளிரவுக்குப்பின் தாங்கள் வேஷத்தை வாங்கிக்கொண்டு, காலையில் படுகளத்திற்கு அந்த இளையவரையும் உடன் அழைத்துச் செல்கின்றனர்.